செங்கோட்டை – புனலூர் ரயில்பாதை: சரக்கு வருவாய்

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆரியங்காவு வழியாகக் கடந்து தமிழகத்தைக் கேரளத்துடன் இணைக்கும், சுமார் 49 கி.மீ. நீளமுள்ள மலைப்பாதை. 1904-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் முழுமையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது.

சரக்கு வருவாய்க்கு முதல் தடை மலைதான். ஏற்றத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வேண்டும், வேகமும் குறைவு. குகைகள், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம், மண்சரியும் சரிவுகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவு, ஓடுவது ஒரு வண்டியானாலும் பத்தானாலும் பெரிதாக மாறாது. ஆகவே வண்டி குறையக் குறைய ஒவ்வொரு டன்னின் மீதும் சுமை ஏறுகிறது.

இரண்டாவது தடை சரக்கின் தன்மை. தமிழகப் பக்கத்து ராயகிரி, சிவகிரி வட்டார நெல்லும் புளியங்குடி எலுமிச்சையும் சிறுசிறு அளவில் பல ஊர்களிலிருந்து புறப்படுகின்றன. ரயில்வேக்கோ நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் கொண்ட முழு வண்டிச் சரக்கே லாபம். ராயகிரிக்கு ரயில் நிலையமும் இல்லை. நிலையம் உள்ள சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ லாரியில் ஏற்றிய மூட்டையை மறுபடி இறக்கி ரயிலில் ஏற்றுவதைவிட, அதே லாரியிலேயே கேரளச் சந்தைக்கு அனுப்புவது வியாபாரிக்கு எளிது.

ஆனாலும் சரக்கை மட்டும் வைத்து இப்பாதையின் தகுதியை எடைபோடுவது தவறு. பயணிகளும் சேர்ந்தே இதன் செலவைத் தாங்குகிறார்கள்.