வெள்ளைத் துணியும் கீ பிரேமும்

வாழைச்சேனையிலிருந்து வடக்கே திருகோணமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பனிச்சங்கேணியையும் வாகரையையும் கடந்து, வெருகலாற்றை எட்டுவதற்கு முன்பாக வருகின்ற கதிரவெளியிலே, காலஞ்சென்ற ஒரு கூத்து அண்ணாவியாரின் ஆண்டுத் திவசத்துக்காக அவருடைய பேரன் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சிறு வீடியோவை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் சில வருஷங்களுக்கு முன் எனக்கு வாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது பெட்டியோடு போன படங்கள் ஒரு பங்கு, 2006 நவம்பரில் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் எறிகணைகள் விழுந்ததையொட்டிய இடப்பெயர்வில் கைவிடப்பட்டவை மறுபங்கு என்றாகிவிட, உறவினர் ஒருவரிடம் எஞ்சியிருந்த ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் அந்த மனிதர் கரப்புடுப்பும் கிரீடமுமாக நின்றுகொண்டிருந்தார்.

பேரன் விரும்பியது பெரிய காரியமன்று. படம் மெல்ல நகர்ந்து முகத்தை அடைய வேண்டும். அங்கே இரண்டு செக்கன் அசையாமல் நிற்க வேண்டும். பின்பு கரைய, கரைந்த இடத்தில் கடற்கரை எழ வேண்டும். ஆனால் நிற்க வேண்டிய முகம் ஒரு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்து மீண்டது. கரைய வேண்டிய படமோ முற்றாகக் கரையாமல், ஆவிபோல ஒரு சாயல் மிஞ்சி நின்று, சடுதியாக அறுந்தது. கதவடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி கேட்டாள்: "என்ன மனே, நிண்ட இடத்தில நிக்காம நெளியிறாரு?"

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்குக் கடந்து செல்லும் கலையின் பூர்வ சரித்திரம் முழுவதையும் தொடவேண்டியிருக்கிறது. அதற்கு அந்நிய தேசங்களுக்குப் போகுமுன் அதே ஊரின் வட்டக்களரியிலே சற்று நிற்பது நல்லது.

மட்டக்களப்புக் கூத்திலே ஒரு பாத்திரம் முதன்முறையாகக் களரிக்கு வரும்போது, இருவர் வெள்ளைத் துணியொன்றைத் திரையாகப் பிடித்து நிற்கும் வழக்கம் உண்டு. திரைக்குப் பின்னால் மத்தளம் வரவுத் தாளக்கட்டைத் தொடங்கிவிடும், சல்லாரி சேர்ந்துகொள்ளும், சதங்கை கேட்கும், வருபவன் யாரென்று சபைக்கு ஏறத்தாழத் தெரிந்துவிடும், ஆனால் முகம் தெரியாது. இந்த இடைநேரம் எவ்வளவு என்று எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. துணி பிடித்தவரின் கையும், மத்தளத்தின்மேல் அண்ணாவியாரின் விரலும், உள்ளே நிற்பவனின் மூச்சும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அதைத் தீர்மானித்தன. 'வருகிறான்', 'வந்துவிட்டான்' என்னும் இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருந்ததே ஆட்டம்.

விடியும்வரை ஆடிய அந்தக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில், 1962இல் 'கர்ணன் போர்' என்றும் பின்னர் 'இராவணேசன்' என்றும் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, பலரும் அதைப் புத்துயிர்ப்பு என்று போற்றினர், சிலர் கத்தரிப்பு என்று முணுமுணுத்தனர். இரண்டும் மெய்யே என்பது என் அபிப்பிராயம். எதை நீக்கலாம் என்பதைக் காட்டிலும், நீக்கிய இடத்தை எதனால் இணைப்பது என்பதே அங்கும் கடினமான பிரச்சினையாயிருந்திருக்கும்.

சினிமாவில் அந்த இணைப்பு நீண்டகாலம் இரசாயன வேலையாகவே இருந்தது. பிரான்சிலே ஜார்ஜ் மெலியே 1899இல் எடுத்த 'சிண்ட்ரெல்லா'வில் ஒரு காட்சி மற்றொன்றினுள் கரைந்து மறைவதைக் காணலாம். கமெராவின் கண்ணை மெல்ல மூடி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே துண்டின்மேல் அடுத்த காட்சியை மெல்லத் திறந்து பதிவது ஆதிகால உபாயம். எண்ணிக்கை பிசகினால் இரண்டு காட்சிகளும் ஒருங்கே பாழ். பின்னர் வந்த ஆப்டிகல் பிரிண்டர் இந்த ஆபத்தை லாப் அறைக்கு மாற்றியது. செக்கனுக்கு 24 சட்டகம், அடிக்கு 16 சட்டகம் என்ற கணக்கில், இரண்டு செக்கன் கரைவு என்பது மூன்றடி பிலிம். எடிட்டர் அந்த மூன்றடியின்மேல் மெழுகுப் பென்சிலால் சாய்கோடு இழுத்து அனுப்புவார். தொடக்கமும் முடிவும் அவருடையவை, நடுவில் நடப்பது லாப்காரருடையது. லாபிலிருந்து திரும்பி வந்த பின்னரே பிழை கண்ணுக்குத் தெரியும் என்பதனால், அக்காலத்தார் கோடு இழுக்குமுன் நெடுநேரம் யோசித்தார்கள்.

1982இல் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தை ஒட்டிக் கிழக்கிலங்கைக் கிராமங்களுக்கு 'டெக்' என்னும் வீடியோக் கருவி வந்தது. ஜெனரேட்டரை முற்றத்தில் இரையவிட்டு இரவிரவாகப் படம் போட்டார்கள். பின்னாளில் கலியாண வீடியோக்காரர் இரண்டு டெக்குகளுக்கு நடுவே மிக்சரை வைத்துக்கொண்டு, அதன் கைபிடியை விரலால் இழுத்து ஒரு காட்சியை மற்றதனுள் கரைத்தார்கள். வேகமாக இழுத்தால் மணமக்கள் பாய்ந்து மறைவார்கள். கை நடுங்கினால் படமும் நடுங்கும். ஆயினும் நடுவை ஒரு கை காத்தது.

அந்தக் கையை விலக்கிய யுக்தி வேறொரு தொழிலிலிருந்து வந்தது. 1930களில் டிஸ்னியின் சித்திரக்கூடத்திலே முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மாத்திரம் வரைவார். இடைப்பட்ட சித்திரங்களை உதவியாளர் நிரப்புவர். இந்த உதவியாளரின் ஸ்தானத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வைனும். அவர்களுடைய முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் 'பசி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குறும்படம் செய்தார். அந்த இருவருக்கும் 1997இல் ஆஸ்கார் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. 1993இல் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்கள் அந்தத் தத்துவத்தை மேசைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கின. முக்கிய நிலையைக் குறிக்கும் புள்ளிக்குத்தான் கீ பிரேம் என்று பெயர். உதவியாளர் வரையும்போது ஓவியரின் மனத்தை ஊகிப்பார். இயந்திரமோ, இரண்டு புள்ளிகளைக் கண்டதும் அவற்றினூடே தனக்குத் தெரிந்த வளைகோட்டை இழுத்துவிடுகிறது.

கிழவி கண்ட நெளிவு அந்த வளைகோடுதான். முகத்தை அடைந்த இடத்தில் ஒரு கீ பிரேம், இரண்டு செக்கன் கழித்து அதே நிலையில் இன்னொன்று என்று பேரன் சரியாகவே வைத்திருந்தான். ஆனால் வந்த வேகத்தைச் சட்டென்று நிறுத்தினால் அழகாயிராது என்று மென்பொருள் தானாகவே கருதிக்கொண்டு, படத்தைச் சற்று அப்பால் கொண்டுபோய், பின் வளைத்து மீட்டது. இரண்டு முனைகளையும் எத்தனை தரம் பரிசோதித்தாலும் பிழை அகப்படாது, ஏனெனில் முனைகளில் பிழையே இல்லை. அந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான பாதையை வளைவிலிருந்து நேர்கோடாக மாற்றியதும் முகம் நின்றது.

மிஞ்சிய சாயலைப் பிடிக்கத்தான் நேரம் சென்றது. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு சட்டகமாக நகர்ந்தோம். செக்கனுக்கு 25 சட்டகம். ஒரு செக்கனில் படம் நூறிலிருந்து பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். அவன் பூச்சியத்தை வைத்த இடம், துண்டின் கடைசிச் சட்டகத்துக்கு அடுத்த சட்டகம். ஆகவே கண்ணுக்குத் தெரிகின்ற கடைசிச் சட்டகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு படம் இன்னும் இருந்தது. கீ பிரேமை ஒரு சட்டகம் முன்னே தள்ளினான். அப்பப்பா முழுவதுமாகக் கரைந்தார், கடல் வந்தது.

கிழவிக்குப் போட்டுக் காட்டினோம். "இப்ப நிக்காரு," என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, முதலிலிருந்து இன்னொரு தரம் போடச் சொல்லி, படம் தோன்றியவுடனேயே கையை உயர்த்தி நிறுத்தினாள்: "மத்தளம் கேக்காம ஆராவது களரிக்கு வருவாங்களா மனே?"

பேரன் என்னைப் பார்த்தான். பின்பு படத்துக்கு முன்னால் எட்டுச் செக்கன் வெறும் வெள்ளைத் திரை வைத்து, பழைய கசெட் ஒன்றிலிருந்து எடுத்திருந்த வரவுத் தாளக்கட்டை அதன் கீழே இட்டான்.