விதியா? வியாதியா?

மெர்போக் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதியதன்று. நேற்றுவரை சிரித்துப் பேசி வேலை செய்துவந்த ஒருவர் பேச்சடங்கிப் போகிறார். உணவு செல்வதில்லை, உறக்கம் வருவதில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்கிறார். உடனே வீட்டார் என்ன செய்கின்றனர்? ஜாதகத்தைப் புரட்டுகின்றனர், தாயத்துக் கட்டுகின்றனர், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கின்றனர். ஒன்றும் பலிக்காவிடில், "தலையெழுத்து" என்று கைவிரித்துவிடுகின்றனர்.

பாமரர்தாம் இவ்வாறு என்று எண்ண வேண்டா. ஆங்கிலம் கற்றுக் கிராணி வேலை பார்க்கும் யானும் அவர்களினும் மேலானவனாய் நடந்துகொள்ளவில்லை. அத்தகைய ஒருவர் தொடர்ந்து பிரட்டுக்கு வராதிருந்தபோது, செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே வரவில்லையென்று குறித்ததோடு, மனத்திற்குள் "சோம்பேறி" என்றும் எழுதிக்கொண்டேன். உயிரை விட்டுவிட வேண்டுமென்ற எண்ணத்தோடு அவர் நாள்தோறும் போராடிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நிற்க. இவ்வெண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? சென்ற நூறாண்டுச் சரித்திரம் இதற்கு விடை தேடிய கதையேயாகும்.

1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்னும் வைத்தியர், மனிதத் தலையின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தார். 1929-ல் அதனை உலகுக்கு வெளியிட்டார். இதயம் துடிப்பதுபோல் மூளையும் இடையறாது தொழில் செய்யும் ஓர் உறுப்பே என்பது கண்கூடாயிற்று. ஆயின் அப்பெரியாரின் முடிவு துயரமானது. கடும் மனச்சோர்வுற்று, 1941-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூளையின் அலைகளைக் கண்டறிந்த மேதையை அவருடைய கல்வியும் புகழும் காக்கவில்லை. அவரைக் கோழையென்று கூற யார் துணிவர்? அவரைத் துணிந்து கூறாதவர்கள், தோட்டத்துத் தொழிலாளியை மட்டும் அவ்வாறு கூறுவது என்ன நியாயம்?

அடுத்த கதை நமக்கு மிக அருகில் தொடங்குகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களுள் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய வைத்தியரும் ஒருவர். நம் தோட்டங்களினின்றும் தமிழ் மக்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த அதே காலத்தில், அவர் சாங்கிச் சிறையில் மூன்றரையாண்டுகள் கிடந்தார். உடன் சிறைப்பட்டோருள் சிலர் மனம் பேதலித்ததை அங்கே கண்டார். இது சாபமுமன்று, குணக்கேடுமன்று, உடலில் ஏற்பட்ட கோளாறாகவே இருத்தல்வேண்டும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றிற்று.

விடுதலை பெற்று மெல்பர்ன் திரும்பியவர், மனநோயாளிகளின் சிறுநீரில் நச்சுப்பொருள் உண்டோவென ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காக லித்தியம் என்னும் உப்பைச் சேர்க்க நேர்ந்தது. அது கினிப் பன்றிகளைச் சாந்தப்படுத்தக் கண்டு வியந்தார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று! அதனை முதலில் தாமே உட்கொண்டு பார்த்து, பின்னர் உன்மத்தங்கொண்ட பத்துப் பேருக்குக் கொடுத்து, 1949-ல் முடிவை வெளியிட்டார். உன்மத்தமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு இன்றும் அவ்வுப்பு மருந்தாய் நிற்கிறது. அதை ஒழுங்காக உட்கொள்வோரிடையே தற்கொலை குறைவென்று நெடுங்கால ஆய்வுகள் பல காட்டின. அண்மைச் சோதனைகள் யாவும் அவ்வாறே சொல்லிவிடவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அளவு மீறின் லித்தியம் நஞ்சாகும். ஆதலின் இரத்தத்தைச் சோதித்தே கொடுத்தல்வேண்டும். மெய்யான வைத்தியம் தன் குறையையும் தானே சொல்லும். தாயத்து விற்பவர் என்றேனும் தம் தாயத்தின் குறையைச் சொன்னதுண்டா?

அதன்பின் வழிகள் பெருகின. 1952-ல் நியூயார்க்கில் காசநோய்க்குக் கொடுத்த ஒரு மருந்து நோயாளிகளின் மனவாட்டத்தையும் நீக்கக் கண்டனர். 1957-ல் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்பவர் மனச்சோர்வைத் தணிக்கும் இமிப்ரமின் என்ற மருந்தைப்பற்றி எழுதினார். 2016-ல் கனடாவின் டொரோன்டோ ஆய்வாளர்கள், மற்ற மருந்துகளுக்கு இணங்காத சோர்வுடையோர் சிலருக்குக் காந்த விசையால் சிகிச்சை செய்தனர். செய்யுமுன் பெர்கர் காட்டிய வழியில் மூளையலைகளைப் பதிவு செய்து, நெற்றிப்புற மூளைக்குத் தன் கிளர்ச்சியைத் தானே அடக்கும் ஆற்றல் எவ்வளவு என்று அளந்தனர். தற்கொலை எண்ணம் யாருக்கு நீங்கும் என்பதை அவ்வளவைக் கொண்டு பெரும்பாலும் முன்னறிய முடிந்தது. சிலரிடத்தே செய்த சிறு ஆய்வுதான். எனினும் அவ்வெண்ணத்திற்கு மூளையில் அளக்கத்தக்க அடையாளமுண்டு என்பதை அது உணர்த்துகிறது. தலையெழுத்தை யார் அளந்தார்?

மருத்துவம் இவ்வளவு தூரம் நடந்தும் சட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றிய நம் நாட்டுச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை விதித்தது. இங்கிலாந்து 1961-லும், இலங்கை 1998-லும் இதனைக் குற்றமல்லவெனக் கைவிட்டன. மலேசியா 2023-ல்தான் கைவிட்டது. நோயாளியைக் குற்றவாளியாக்கிய அச்சம் எத்தனை குடும்பங்களின் வாயைக் கட்டியிருக்கும்! தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை 1911-ல் திறக்கப்பட்டது. அவ்வூரின் பெயரை நாம் இன்றும் வசவுச் சொல்லாகவே வைத்திருக்கிறோம். சட்டம் மாறிவிட்டது, நம் நாக்கு மாற வேண்டாவா?

ஆகவே தோழர்களே! ஒருவர் வாழ்வை வெறுத்துப் பேசினால், அருகிலமர்ந்து, "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைத்துவிடாது. கேட்பதே பாரத்தை இறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். மருத்துவமனைக்குக் கூடவே செல்லுங்கள். 1970 முதல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தார் இத்தகையோர் குறையைச் செவிமடுத்து வருகின்றனர்; சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

யான் சோம்பேறியென்று எண்ணிய அந்த மனிதர் வைத்தியம் பெற்றார். மாதங்கள் சில சென்று வேலைக்குத் திரும்பினார். அன்று காலை செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். என் உத்தியோகத்தில் யான் போட்ட கோடுகளுள் அவ்வளவு மகிழ்வோடு போட்டது வேறொன்றில்லை.