எழுதுதல் என்றொரு வினை

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதிகம் புழங்கும் வினைச்சொல் எதுவென்று கேட்டால், 'எழுது' என்பதையே நான் சொல்வேன். "மகள்ட பேருக்கு ஊடு எழுதியாச்சா?" என்பது மாப்பிள்ளை வீட்டாரின் முதற் கேள்வி. "காவின் எப்ப எழுதுற?" என்பது அடுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை எழுதுவதும் இதே சொல்தான். ஆனால் இங்கே அது கையின் தொழிலைவிட, உரிமை கைமாறுவதையே குறிக்கிறது.

நமது கரையோர ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவதே வழமை. மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்காக உம்மாவும் வாப்பாவும் மீண்டும் கல்லும் மண்ணும் சேர்ப்பார்கள். கொடுத்தால் மட்டும் போதாது என்றாக்கியது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணிக் கைமாற்றம் அதன்படி செல்லாது.

மார்க்கச் சட்டத்தில் ஹிபா நிறைவேற, கொடுப்பவர் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் கைக்கு வர வேண்டும். எழுத்து நிபந்தனையன்று. முஸ்லிம்களின் மரபுரிமை பற்றிய 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, உறுதியை ஒப்படைப்பதையே உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்றது. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே குறிப்பிட்டாலன்றி நன்கொடை அவ்வாறு கருதப்படாது என்றும் சொன்னது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைக் காதியார் மூலம் மீட்க வழிவைத்தது. ஆனால் கைக்கூலி என்பது அங்கே பணமும் அசையும் பொருளும்தான். வீடு அதற்குள் அடங்காது. ஆகவே எழுதப்படாத வீடு, வாப்பா மௌத்தானதும் வாரிசுகள் எல்லோருடைய சொத்தாகிவிடும். இருபது வருடம் அடுப்பெரித்தவளுக்குக் கிடைப்பது ஒரு பங்கு மட்டுமே. சகோதரனுக்கு அதன் இரு மடங்கு.

காவின் விடயம் வேறு. பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு நிக்காஹ் செல்லுபடியாவதோ ஆகாமற்போவதோ இல்லை என்பது அதே சட்டத்தின் நிலை. அந்தப் பதிவில் மாப்பிள்ளையும் வலியும் ஒப்பமிட வேண்டும் என்ற சட்டம், மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளோடு உறுதிகளும் போயின. கிழக்கில் 200 மீற்றர் வரை மீளக் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். வேறிடத்தில் கிடைத்த புதிய வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டன. தலைவர் என்றால் ஆண் என்றே கொள்ளப்பட்டது. உம்மா வழியில் வந்த வீடு, ஒரு படிவத்தில் கணவனுடையதாயிற்று.

இலக்கணப்படி பார்த்தால், நமது பெண் இந்த வினைக்கு எப்போதும் நான்காம் வேற்றுமை: மகளுக்கு எழுதினார்கள். எழுவாயாக அவள் வருவதில்லை. அடுத்த கலியாணத்திலாவது உறுதியை அவள் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அவளை வாசிக்கச் சொல்ல வேண்டும். 'மீளப்பெற முடியாத' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவள் அவள்தான்.