தாங்கும் மரமும் ஒட்டிய பலகையும்

வகுப்பிலே மாணவரை நோக்கி, "ஒரு வீடு வரையுங்கள்" என்று நாம் கூறுவதுண்டு. லயத்துக் காம்பிராவிலிருந்து வரும் பிள்ளையும் தனித்து நிற்கும் வீட்டையே வரைகிறது, லயத்தை வரைவதில்லை. இதற்கு விடை தேடப் புகுந்தால், பலாங்கொடை மலைச்சரிவிலிருந்து இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம்வரை நாம் செல்லவேண்டியிருக்கிறது.

கென்ட் மாவட்டத்தில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது 'பேலீஃப்' என்னும் உழவர் இல்லம். அதன் உயிர் சுவரில் இல்லை, மரச்சட்டத்தில் இருக்கிறது. ஓக் மரத்தூண்களையும் விட்டங்களையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மரமுளை அறைந்து இறுக்கினர் தச்சர். இடைவெளிகளில் வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண் பூசினர். சப்ரகமுவக் கிராமத்து மண்வீட்டைக் கண்ட நமக்கு இம்முறை அந்நியமானதன்று. நடுக்கூடத்தில் அடுப்பு எரிந்தது. புகைபோக்கி இன்மையால் புகை கூரை வழியே வெளியேறிற்று. எந்த மரம் எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்பதை அவ்வீட்டில் கண்ணாலேயே காணலாம்.

1960களின் இறுதியில் அங்கே நீர்த்தேக்கம் அமைக்க முற்பட்டபோது, அவ்வீட்டைச் சட்டம் சட்டமாகப் பிரித்துச் சென்று, சசெக்ஸ் மாவட்டத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பினர். முளையால் பொருத்திய வீடாதலின் அது இயன்றது. உழவன் வீடும் வரலாறே என்று மதித்தமையால் அது நிகழ்ந்தது.

ஆனால், ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டுக்குக் கொணர்ந்தது அந்த உழவனின் தொழில்நுட்பத்தையன்று, பழம்பெருமையின் தோற்றத்தையே. நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் எலிசபெத் காலத்து மாளிகையின் சாயலைப் பூண்டு நிற்கிறது. பலாங்கொடையிலிருந்து பெரகலை வழியே மலையேறினால், அப்புத்தளையில் அடிசம் மாளிகையைக் காணலாம். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அதனைக் கட்டுவித்தார். பெயரும் கென்ட் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரே. கருங்கல்லும் பர்மாத் தேக்கும் கொண்டு எழுந்த அது, இன்று பெனடிக்ட் சபையினரின் மடாலயம். மரச்சட்ட வீட்டைப் போலச் செய்த பிற்காலக் கட்டடங்கள் பலவற்றில், வெண்சுவர்மீது தோன்றும் கரும்பலகைகள் எதனையும் தாங்குவதில்லை. பாரத்தைச் சுவர் சுமக்கிறது. பலகையோ வெறும் ஒப்பனை.

தோட்டத்தின் பாரத்தை யார் சுமந்தனர்? 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கங்காணியரால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர், முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தம் தோள்களைக் கொடுத்தனர். துரை பங்களா குன்றின் உச்சியில் எழுந்தது. சரிவிலே, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்களை வரிசையாய் அடுக்கி, மேலே தகரம் வேய்ந்து, அதற்கு லயம் என்று பெயரிட்டனர். சில லயங்களில் காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்புறச் சாளரத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு காம்பிராவே சமையலிடம், படுக்கையறை, பிரசவ அறை அனைத்துமாயிற்று. வேலை போனால் காம்பிராவும் போகும். கட்டடக் கலையே அங்கு கட்டுப்படுத்தும் கலையாயிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயம் மாறவில்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில எழுந்துள்ளன. எனினும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

லயத்தை அருங்காட்சியகப் பொருளாக்கிப் போற்றுக என்று நாம் கூறவில்லை. அதில் மனிதர் வாழ்வது முடிவுக்கு வரவேண்டும். ஆயின், இடிப்பதற்கு முன் அதனை அளந்து, வரைந்து, அங்கே வாழ்ந்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்துகொள்வோம். ஓர் ஓக் தூணுக்குக் கிட்டிய மதிப்பு, தோட்டத்தைத் தாங்கிய தோளுக்கும் கிட்ட வேண்டாமா? பிள்ளைகள் தாளில் வரையும் வீட்டை, அவர்தம் பெயரிலேயே எழுதிய நிலத்தில் எழுப்புவது நம் காலத்தின் கடன்.