பத்து ராகமும் மூன்று பெட்டியும்

டார்க் சிந்த்வேவ் கேட்கிறவர்கள் கொல்கத்தாவிலும் உண்டு. சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில், பகலெல்லாம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இரவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பெர்டர்பேட்டர், கார்பென்டர் ப்ரூட் என்ற பிரெஞ்சுக்காரர்களின் பெயர்கள் அத்துப்படி. எண்பதுகளின் சிந்தசைசர் ஒலி, திகில் படங்களின் இருட்டு, கிளப்பில் நின்றால் நெஞ்சுக்கூட்டை உலுக்கும் பேஸ். இதெல்லாம் கடல் கடந்து வந்த சமாச்சாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய இசைத்தட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

1982-இல் எச்.எம்.வி. வெளியிட்ட தட்டு அது. பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. வாசித்தவர் சரண்ஜித் சிங், பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் ஊறியவர். ‘தம் மாரோ தம்’ பாட்டில் டிரான்சிகார்டு என்ற மின்னணு அக்கார்டியனை வாசித்தது அவர்தான். சிங்கப்பூர் போனபோது ரோலண்ட் கம்பெனியின் புதுச் சரக்கான ஜுபிடர்-8 கீபோர்டையும், டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியையும் வாங்கி வந்தார். தாளத்துக்கு டிஆர்-808. ஆக மூன்று ஜப்பானியப் பெட்டிகள்.

303 உண்மையில் தோற்றுப்போன கருவி. பேஸ் கிட்டார்காரர் இல்லாதபோது தனியே வாசிப்பவருக்குத் துணையாகட்டும் என்று 1981-இல் செய்தார்கள். பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி இருந்தது: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகலாம். மேற்கே அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். சுரத்தைச் சுரத்தோடு இழைக்கும் இந்துஸ்தானி மீண்ட் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிரா என்ன? பதினாறு படிகளுக்குள் அடங்கிய இயந்திரத்துக்குள் ராகத்தை இறக்க முடியும் என்று சரண்ஜித் சிங் கண்டுகொண்டது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பைரவி, லலித், தோடி, யமன் என்று பத்து ராகங்கள். பூபாளி நம் மோகனம். கலாவதி ஏறத்தாழ நம் வலஜி. என்னைப் பிடித்து வைத்துக்கொள்வது மால்கௌன்ஸ். நம் ஹிந்தோளம்தான், ஆனால் இந்துஸ்தானியில் அதற்கு நள்ளிரவு கடந்த வேளை. தனியே பாடினால் ஆவிகள் கேட்க வந்துவிடும் என்று உஸ்தாதுகள் வீட்டுப் பிள்ளைகளை எச்சரிப்பார்களாம். அந்த ராகத்தை, ஓயாத தாளத்தின் மேல், பில்டர் திறந்து மூடும் பேஸோடு கேட்டுப் பாருங்கள். இருட்டை இசையாக்க வேறெங்கும் போக வேண்டாம்.

எச்.எம்.வி. என்றால் கொல்கத்தா. 1928 முதல் தம் தம்மில் இருந்த ஆலைதான் அக்காலத்து இந்திய இசைத்தட்டுகளின் உலைக்களம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் சால்ட் லேக், ஹூக்ளியின் மணலைக் குழாயில் கொண்டுவந்து சதுப்பைத் தூர்த்து எழுப்பிய ஊர். 1984-இல் அதன் பெரிய விளையாட்டரங்கம் திறந்தது. 1986-இல் அங்கே ‘ஹோப் 86’ என்ற சினிமா நட்சத்திரக் கலைவிழா நடந்து, இடதுசாரி ஆட்சிக்குள்ளேயே ‘இது கலாசாரச் சீரழிவு’ என்று சண்டை மூண்டது. டிஸ்கோ என்ற சொல்லே வழக்காடு பொருளாக இருந்த நகரம். சரண்ஜித் சிங்கின் அந்தத் தட்டோ எங்குமே விற்கவில்லை. சாஸ்திரியக்காரர்களுக்கு அது சினிமா, சினிமாக்காரர்களுக்கு அது பாட்டில்லாத தட்டு.

அடுத்த ஆண்டே, 1987-இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு மலிவாகக் கிடைத்த 303-இன் குமிழ்களைத் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. உலகமே அந்தப் பெட்டியைத் தேடி அலைந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே அதே ஒலி பம்பாயில் பதிவாகியிருந்ததை யாரும் அறியவில்லை. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் டில்லிக் கடையொன்றில் தட்டை எடுத்தார். பம்பாயில் சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்தார். 2010-இல் மறுபதிப்பு வந்தது. ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை; அந்தப் பட்டம் தேவையுமில்லை. எழுபது வயதைத் தாண்டியவர் ஐரோப்பிய கிளப் மேடைகளில் ஏறி, பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் ஆட, அதே ராகங்களை வாசித்தாரே, அதுதான் பெரிது. 2015-இல் மும்பையில் காலமானார்.

மூன்று பெட்டிகளும் இன்று மென்பொருளாக ஒரு லேப்டாப்பில் அடங்குகின்றன. செக்டர் ஃபைவில் லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள ஏதாவதொரு கிளப் ஓர் இரவை முழுக்க மால்கௌன்ஸுக்கு ஒதுக்கினால், சென்னையிலிருந்து கோரமண்டல் பிடித்துப் போய்க் கேட்க நான் தயார்.