வழி திறப்பவர்கள்

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று அழைக்கும் ஆட்டத்தில் காலின் வேலை பெரும்பாலும் ஓடுவதோடு முடிந்துவிடுகிறது. பந்தைக் கையால் எறிகிறார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எப்போதோ ஒரு சமயம்தான் உதைக்கிறார்கள். பெயருக்கும் பொருளுக்கும் இவ்வளவு தூரமா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் கதையைக் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

பதினோரு பேர் கொண்ட கோஷ்டியின் முன்வரிசையில் நிற்பவர்கள் அந்த ஐவர். நடுவில் இருப்பவன் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பான். அத்துடன் அவனுக்கும் பந்துக்கும் உள்ள உறவு தீர்ந்தது. மற்ற நால்வருக்கும் அந்த உறவுகூடக் கிடையாது. எதிரே வருகிறவனை மறித்துத் தள்ளி, பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி உண்டாக்குவதே அவர்கள் தொழில். மாலை மட்டும் ஓடினவன் கழுத்தில்தான் விழும்.

அபிமன்யுவின் கதை நமக்குத் தெரியாததல்ல. அவன் வீரத்தில் என்ன குறை? வியூகத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பின்னால் வந்தவர்களை ஜயத்ரதன் மறித்தான். திறந்த வழி மூடிக்கொண்டது. வழியைத் திறந்து வைக்க ஆள் இல்லாவிட்டால் வீரனின் கதை அவ்வளவுதான். இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் தங்கள் மைதானத்தில் மெள்ள மெள்ளக் கற்றார்கள். அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

1892-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஹார்வர்டு, யேல் ஆகிய இரு கல்லூரிகளும் மோதின. ஹார்வர்டுக்கு யோசனை சொன்னவர் லோரின் டிலாண்ட். அவர் அந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடியவரல்ல; சதுரங்கப் பிரியர், நெப்போலியனின் யுத்த முறைகளைப் படித்தவர். இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் ஹார்வர்டு இளைஞர்கள் இரண்டு பிரிவாகப் பின்னாலிருந்து ஓடி வந்து, ஆப்பு வடிவில் ஒன்றுகூடி, பந்து வைத்திருப்பவனை நடுவில் மறைத்துக்கொண்டு, எதிர்வரிசையின் ஒரே இடத்தில் போய் இடித்தார்கள். 'பறக்கும் ஆப்பு' என்று அதற்குப் பெயர் வந்தது. அன்று ஜயித்தது என்னவோ யேல்தான். ஆனாலும் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஆப்பைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள்!

கும்பலாக ஓடி ஒருவன்மேல் இடித்தால் அவன் கதி என்ன? 1894-லேயே பறக்கும் ஆப்புக்கு விதி போட்டுத் தடுத்தார்கள். இருந்தும் கும்பல் ஆட்டம் வேறு உருவங்களில் நடந்தது. 1905 அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். அந்தப் பருவம் முடிந்தபோது இறந்தவர்கள் 18, 19 என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. மறு ஆண்டே பந்தை முன்னால் எறிய அனுமதி வந்தது. 1910-ல், கை கோத்துக்கொண்டு மறிப்பதும், பந்து வைத்திருப்பவனைப் பிடித்துத் தள்ளுவதும் இழுப்பதும் தடுக்கப்பட்டன.

கும்பல் போயிற்று, இனி ஒருவனுக்கு ஒருவன். அப்போதுதான் உபாத்தியாயருக்கு வேலை அதிகமாயிற்று. எப்படி நிற்பது, முதல் அடியை எவ்வளவு சிறிதாக வைப்பது, மோதிய பிறகும் கால்களை நிறுத்தாமல் எப்படி நகர்த்துவது என்றெல்லாம் கற்பிக்க வேண்டியிருந்தது. 'தாழ்ந்து நிற்பவனே வெல்வான்' என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் அரிச்சுவடி. எதிரியின் மார்புக்குக் கீழே புகுந்து மேல்நோக்கித் தள்ளினால், பெரிய ஆகிருதியும் நிலை பெயர்ந்துவிடும்.

இந்த வித்தையில் பெரும் புகழ் பெற்ற ஆசிரியர் வின்ஸ் லம்பார்டி. போர்டாம் கல்லூரி முன்வரிசையில் 'ஏழு கருங்கற் பாறைகள்' என்று பேர் வாங்கிய எழுவரில் ஒருவர், உருவத்தில் சிறியவர். பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானமும் லத்தீனும் போதித்தார். 1959-ல் அவர் கிரீன் பே கோஷ்டிக்கு வந்தபோது, அது முந்திய ஆண்டில் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் ஜயித்திருந்தது. மெத்தை கட்டிய கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் தாம் ஏறி நின்று, முன்வரிசையாரைத் தள்ளச் சொல்லிக் கத்துவார். ஆனால் அவர் கற்பித்தது வெறும் பலம் அல்ல. 'எதிரி எந்தப் பக்கம் போக விரும்புகிறானோ, அந்தப் பக்கமே அவனைக் கொண்டு போ. ஓடுகிறவன் வெளிச்சம் தெரிகிற பக்கம் ஓடிக்கொள்வான்' என்பது அவர் முறையின் சாரம். அந்தக் கோஷ்டி 1961 முதல் 1967 வரை ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை பட்டம் பெற்றது.

1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி குளிர். டாலஸ் கோஷ்டி 17, கிரீன் பே 14. மிச்சம் பதினாறு விநாடி. கோட்டுக்கு இரண்டடி தூரம். எதிர்வரிசையில் ஜெத்ரோ பியூ என்பவர் மோதும்போது உடம்பை நிமிர்த்திவிடுகிறார் என்று ஜெரி கிரேமர் முன்பே படம் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். கிரேமரும் கென் போமனும் அவருக்குக் கீழே புகுந்து தள்ள, அந்தச் சிறு சந்தில் பார்ட் ஸ்டார் பந்தோடு விழுந்தார். ஆட்டம் முடிந்தது. தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியதால், வழி திறந்த ஒருவரின் முகமும் ஜனங்களுக்குத் தெரிந்தது. ஆட்டக்காரர்களின் கீர்த்தி மண்டபத்தில் கிரேமருக்கு இடம் கிடைத்தது 2018-ல். அப்போது அவருக்கு வயது 82.

இதே காலத்தில் வேறொரு பாடமும் நடந்துகொண்டிருந்தது. தோல் தொப்பிக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் கவசமும் முகக் கம்பியும் வந்துவிட்டன. தலை பத்திரம் என்று நினைத்த உபாத்தியாயர்கள், நெற்றியால் எதிரியின் மார்பில் மோதச் சொல்லிக் கொடுத்தார்கள். காக்க வந்த கவசம் தாக்கும் ஆயுதமாயிற்று. 1968-ல் மட்டும் ஆட்டத்தில் பட்ட காயங்களால் 36 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். 1976-ல் பள்ளிகளும் கல்லூரிகளும் தலையால் முதலில் மோதுவதைத் தடுத்தன. 1978-ல் தொழில்முறை ஆட்டத்தில், பந்து எறிபவனைக் காக்கும்போது கைகளை நீட்டித் தள்ளலாம் என்று விதி வந்தது. தலை செய்த வேலையைக் கை செய்யத் தொடங்கியது. 1990-ல் ஆட்டக் காயத்தால் ஒரு சாவும் இல்லை.

கதை சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மைக் வெப்ஸ்டர் இருக்கிறாரே! பிட்ஸ்பர்க் கோஷ்டியின் நடு ஆள். நான்கு முறை பட்டம் வென்றவர். நினைவு குழம்பி, வீடு வாசல் இழந்து அலைந்து, 2002-ல் ஐம்பதாவது வயதில் மாண்டார். அவர் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் தனி நோய் ஒன்றைக் கண்டு 2005-ல் வெளியிட்டார். திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு சேர்ந்து வருவது அந்த நோய். முன்வரிசைக்காரன் ஒவ்வோர் ஆட்டத்திலும், ஒவ்வொரு பயிற்சியிலும் வாங்கிக் கொள்வது அப்படிப்பட்ட அடிகளைத்தான்.

பிறருக்காக வழி திறப்பது உயர்ந்த குணம். அதைக் கற்பிக்கும் ஆசிரியர் வணக்கத்துக்கு உரியவர். ஆனால் அந்தக் குணத்தை நம்பி வந்த பிள்ளையிடம், 'தலையைக் கொடுத்தாவது வழி திற' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? 1894, 1910, 1976 என்று விதிப் புத்தகம் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றே பதில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் வருவதற்கு முன்னால், யாரோ சிலருடைய பிள்ளைகள் வீடு திரும்பாமல் போயிருக்கிறார்கள்.