வாடகை நாளின் இசை: பெருமந்தக் காலத்தில் ப்ளூஸ் தந்த ஆறுதல்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பே, கையில் காசுள்ளவரை சூழ்ந்திருந்த உறவும் நட்பும் காசு போனதும் முகம் திருப்பிக்கொள்வதைப் பாடும் ஒரு பாடலை ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பதிவு செய்துவிட்டார். ஜிம்மி காக்ஸ் அதை எழுதியதோ 1923இல். கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையை, அந்தச் சரிவைத் தொடர்ந்த பெருமந்தத்தின் பிள்ளையாகக் கருதுவோர் இந்தக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். மிசிசிப்பிச் சமவெளியில் விளைச்சலில் பங்கு தரும் வார முறையில் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களுக்குப் பண்ணைக் கடைக் கடனும், பருத்தியை அழித்த கூன்வண்டும், 1927இன் பெருவெள்ளமும் முன்பே பழகியிருந்தன. நாடு முழுவதும் வறுமையில் விழுந்தபோது, வறுமையோடு வாழத் தெரிந்த ஓர் இசை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அந்த இசையை விற்ற தொழில்தான் முதலில் நொடித்தது. அமெரிக்காவில் 1927இல் ஏறத்தாழ 10 கோடி இசைத்தட்டுகள் விற்றன. 1932இல் 60 லட்சம். விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு நிறுவனம் நடத்திய பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம், 1931இல் ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸைப் பதிவு செய்தது. கடுங்காலத்தைப் பற்றிய அவரது பாடல் இன்று செவ்வியல் படைப்பாகப் போற்றப்படுகிறது; அன்று வாங்க ஆளில்லை. அதே ஆண்டு கொலம்பியா நிறுவனம் பெஸ்ஸி ஸ்மித்தைக் கைவிட்டது.

தட்டு வாங்கக் காசில்லாதவர்களுக்கு இந்த இசை எப்படி ஆறுதலானது? பாடல் வரிகளில் மட்டும் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நாளை விடியும் என்று பெரும்பாலான ப்ளூஸ் பாடல்கள் வாக்களிப்பதில்லை. ஆறுதல் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. பாடகர் ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடுகிறார். மூன்றாவது அடி அதற்குப் பதில் தருகிறது. ஒவ்வோர் அடி முடிந்ததும் கிட்டார் மறுமொழி சொல்கிறது. புலம்புகிறவரைத் தனியே விடாத அமைப்பு இது. துயரம் வேறு, அதை மிதித்து விரட்டும் இசை வேறு என்று 1976இல் எழுத்தாளர் ஆல்பர்ட் முர்ரே வாதிட்டார். ப்ளூஸ் முதலில் ஆடுவதற்கான இசை என்பதை அவர் அளவுக்கு அழுத்திச் சொன்னவர் குறைவு.

அந்த ஆட்டம் நடந்த இடம் சிகாகோவின் தெற்குப் பகுதியிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் இருந்த வாடகை வீடுகள். மாத வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பம் மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, பியானோக்காரரை அழைத்து, பன்றிக்கால் சமைத்து, மதுவிலக்குக் காலத்திலும் கள்ளச்சாராயம் ஊற்றி விருந்து வைக்கும். வருவோர் தரும் சில்லறையில் வாடகை சேரும். இந்த வாரம் அண்டைவீட்டாருக்கு உதவியவர், தனக்கு முடை வரும்போது அதே உதவியை எதிர்பார்க்கலாம். கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டியிருந்ததால் இடக்கை ஓயாமல் தாளத்தை உருட்டும் பூகி-வூகி வாசிப்பு அங்கே செழித்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜிம்மி யான்சி, பகலில் சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். ஆறுதல் என்ற சொல்லுக்கு இங்கே ரொக்கப் பொருளும் உண்டு. ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பின்னர் இசைத்தட்டுத் தொழிலும் மீண்டது. 75 சென்ட்டுக்கு விற்ற தட்டுக்குப் பதிலாக ப்ளூபேர்ட், டெக்கா ஆகிய இசைத்தட்டு வெளியீட்டாளர்கள் 35 சென்ட் தட்டுகளைக் கொண்டுவந்தனர். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியதும் மதுக்கடைதோறும் ஜூக்பாக்ஸ் வந்தது. ஒரு நாணயத்துக்கு ஒரு பாட்டு. செஞ்சிலுவை நிவாரணமும் அரசு வேலைத் திட்டமும்கூடப் பாடுபொருளாயின.

ப்ளூஸின் இன்னொரு கிளை தேவாலயத்துக்குள் போனது. ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் பாடிய தாமஸ் டார்சி, 1932 ஆகஸ்டில் பிரசவத்தில் மனைவியையும் அடுத்து அந்தக் குழந்தையையும் இழந்தார். அந்தத் துக்கத்தில், தன் கையைப் பற்றிக்கொள்ளும்படி ஆண்டவரை வேண்டும் பாடலை இயற்றினார். இதை ப்ளூஸைத் துறந்த கதையாகச் சொல்வது வழக்கம். டார்சியின் பியானோவில் ஒலிக்கும் ப்ளூஸ் சுரங்களையும், பாடகரின் அடிக்குச் சபையார் கொடுக்கும் மறுமொழியையும் கேட்டால், அவர் எதையும் விட்டுவிட்டுத் தேவாலயத்துக்குள் நுழையவில்லை என்பது புரியும்.